சுவரில் பூஞ்சை: துடைப்பதா, பூசி மறைப்பதா, உடைத்துப் பார்ப்பதா, வீடு மாறுவதா?

பீரோவை ஒரு முழம் முன்னால் இழுத்தபோதுதான் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுவரெல்லாம் கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள். தள்ளி நின்று பார்த்தால் கடுகு இறைத்ததுபோல இருந்தது. கிட்டப் போனால் ஒவ்வொரு புள்ளியும் மெல்லிய ரோமம் முளைத்த வட்டம். விரலால் தொட்டேன், கரிபோல ஒட்டிக்கொண்டது. நனைந்த சாக்குப்பையைப் பல நாள் மூடி வைத்துத் திறந்தால் ஒரு மக்கின வாடை வருமே, அதே வாடை. பீரோவுக்குப் பக்கத்தில்தான் என் மகளின் கட்டில். அவள் தலை வைக்கும் இடத்துக்கும் அந்தச் சுவருக்கும் இரண்டடி தூரம்கூட இருக்காது. மூன்று மாதமாக நடுராத்திரியில் இருமி இருமி எழுந்து உட்கார்ந்த பிள்ளை அவள். சளி மருந்து கொடுத்தோம், தலையணையை மாற்றினோம், சாயங்காலப் பனியில் வெளியே விடாமல் பார்த்துக்கொண்டோம். சுவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே பிளீச் திரவத்தால் துடைத்தேன். சுவர் வெளுத்தது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்பி வந்தது. பிறகு பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் அடித்தோம். அது கொப்பளித்து உரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குளியலறையில், பூச்சுக்குள் புதைந்த குழாய் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான் அந்தச் சுவர் காய ஆரம்பித்தது. முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தோம். இடைப்பட்ட மாதங்களுக்கான விலையை மூச்சிரைப்பாகக் கொடுத்தவள் என் மகள்.

அப்போது யாராவது இந்த வழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைத்தான் இங்கே செய்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பணமும் நேரமும் முதலில் போக வேண்டியது தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்கு. மற்ற எல்லாமே அதற்குத் துணை. ஆனால் எந்தத் துணை, எவ்வளவு அவசரம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அந்த அறையில் படுப்பவர் யார், பூஞ்சை பிடித்திருக்கும் பொருள் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

பூஞ்சை வித்துகள் இல்லாத காற்று எங்கேயும் கிடையாது. வெளியிலிருந்து ஜன்னல் வழியாக வருகின்றன, செருப்பில் ஒட்டி வருகின்றன. பெரும்பாலானவை சில மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. காய்ந்த சுவரில் விழுந்தால் சும்மா கிடக்கும். ஓதம் காத்த, அதாவது ஈரம் ஊறிய, சுவரில் விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் முளைக்கத் தொடங்கும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தாலோ குழாய் உடைந்தாலோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் உலர்த்திவிடச் சொல்வது இதனால்தான்.

முளைத்த பூஞ்சையிலிருந்து வித்துகள் மட்டும் பறப்பதில்லை. அதன் இழைகள் உடைந்து வித்தைவிடச் சிறிய துணுக்குகளாகவும் காற்றில் கலக்கின்றன. அவை நுரையீரலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அந்த வாடையே பூஞ்சை வெளிவிடும் வாயுக்கள்தான். உடம்பு இவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்பதால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், இழுப்பு எல்லாம் வருகின்றன. இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும். "கொன்றுவிட்டேன்" என்பது பாதி வேலைதான். செத்த பூஞ்சையை அங்கிருந்து அப்புறப்படுத்தினால்தான் வேலை முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஓதம், பூஞ்சை பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, மூச்சுக்குழாய்த் தொற்று, ஆஸ்துமா வருவதற்கும் ஏற்கெனவே இருக்கும் ஆஸ்துமா மோசமாவதற்கும் வாய்ப்பு அதிகம் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று அது சொல்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட ஒரு கணக்கு, இப்படிப்பட்ட வீடுகளில் சுவாசத் தொல்லைகளும் ஆஸ்துமாத் தொல்லைகளும் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. அந்த வழிகாட்டியில் இன்னொன்றும் உண்டு. "இத்தனை வித்துகள் வரை பாதுகாப்பு" என்று ஓர் அளவை அது தரவில்லை, தர இயலாது என்றே சொன்னது. காற்றுப் பரிசோதனையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் அந்த அறையில் வருடக்கணக்கில் தூங்கி எழுந்தும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அதே அறை இன்ஹேலரைத் தேட வைக்கும். கைக்குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயே குறுகல். கொஞ்சம் வீங்கினாலும் அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூச்சுக்குழாயிலேயே தங்கி, விடாத ஒவ்வாமை நோயாக மாறுவதுண்டு. வேறு சிலருக்கு நுரையீரல் திசுவே அழற்சி கண்டு, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வரும். நிமோனியா என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமையோடு நிற்காது. நுரையீரலுக்குள்ளேயே வளர்ந்து உயிருக்கு உலை வைக்கும்.

நிறத்தைப் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. "கறுப்புப் பூஞ்சை விஷம்" என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1993, 1994 ஆண்டுகளில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அவர்களுடைய ஓதம் காத்த வீடுகளில் இருந்த ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும்பூஞ்சைதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வுகளை மீண்டும் அலசி, அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று 2000-இல் அறிவித்தது. அதற்குள் பயம் ஊரெங்கும் பரவிவிட்டது. நம் வாசகர்களுக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது செய்திகளில் வந்த "கருப்புப் பூஞ்சை" மியூக்கார்மைகோசிஸ் என்ற நோய். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் அது தாக்கியது. அதன் கிருமிகள் வேறு இனம். சுவரில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து அந்த நோயை நினைத்து நடுங்க வேண்டாம். அதேபோல, சுவரில் இருப்பது வெள்ளையோ பச்சையோதானே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம்.

முதல் வழி: துடைத்துவிடுவது

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். டைல்ஸ், கண்ணாடி, உலோகம், பளபளப்பான பெயின்ட் போன்ற, தண்ணீரை உறிஞ்சாத பரப்பில் இது நன்றாகவே வேலை செய்யும். பூஞ்சை மேலோடுதான் இருக்கும். டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரில் அழுத்தித் தேய்த்து, துடைத்து, உலர்த்தினால் போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வதும் இதைத்தான்: சோப்புத் தண்ணீர், தேய்ப்பு, உலர்த்தல். பிளீச்சை வழக்கமான முறையாக அது பரிந்துரைக்கவில்லை.

பூச்சுச் சுவர், ஜிப்சம் போர்டு, பிளைவுட், மெத்தை, காகித அட்டை என்றால் கதை வேறு. பூஞ்சையின் இழைகள் துளைகளுக்குள் வேர்போல இறங்கியிருக்கும். பிளீச்சில் பெரும்பங்கு தண்ணீர்தான். மருந்து மேற்பரப்பிலேயே தீர்ந்துபோகும், தண்ணீர் உள்ளே இறங்கும். நிறம் போய்விடும், வேர் இருக்கும், ஈரமும் கூடும். என் சுவர் மூன்று வாரத்தில் திரும்பிக் கறுத்தது இப்படித்தான்.

பிளீச் பயன்படுத்தியே ஆக வேண்டிய இடம் என்றால் 1 கேலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர் தண்ணீருக்கு 1 கப்புக்கு மேல் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். அதோடு வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கிளீனரைச் சேர்த்தால் குளோரமைன் வாயு. பூஞ்சையை ஒழிக்கப் போய், மூடிய குளியலறைக்குள் மயங்கி விழும் நிலைமை வந்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்குப் பிளீச்சின் வாடை ஒன்றே இழுப்பைக் கிளப்பப் போதும். துடைக்கும் வேலையை அவரிடம் கொடுக்கவே கூடாது.

இரண்டாம் வழி: பெயின்ட் அடித்து மறைப்பது

இது எனக்கு ஆறாத கோபம் தரும் வழி. பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் பொய்யான பொருள் அல்ல. காய்ந்த, சுத்தம் செய்த சுவரில் அடித்தால், நீராவி அதிகம் படும் குளியலறைக் கூரை போன்ற இடங்களில் பூஞ்சை மறுபடி பிடிப்பதைத் தாமதப்படுத்தும். ஓதம் உள்ள சுவரில் அடித்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் படலத்துக்குப் பின்னால் தேங்கும். கொப்பளிக்கும், உரியும், உரிந்த செதில்களோடு பூஞ்சையும் தரையில் கொட்டும். கொட்டும்வரை வீட்டில் எல்லோரும் பிரச்சினை தீர்ந்ததாக நம்பிக்கொண்டிருப்போம். பெரிய கேடு அந்த நம்பிக்கைதான்.

இங்கிலாந்தின் ராச்டேலில் ஒரு வாடகைக் குடியிருப்பில் பூஞ்சை இருப்பதாகக் குடியிருந்தவர் 2017-இலேயே முறையிட்டார். பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி பதில் வந்தது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த அவருடைய மகன் ஆவாப் இஷாக் 2020 டிசம்பரில், 2 வயதில், கடுமையான சுவாசக் கோளாறால் இறந்துபோனான். வீட்டுப் பூஞ்சைக்கு நீண்ட காலம் ஆட்பட்டதே அந்தக் கோளாறுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பூஞ்சையால் ஆரோக்கியமான குழந்தைகள் இறப்பது மிக அரிது. ஆனாலும் சிறு குழந்தை தூங்கும் அறையின் பூஞ்சைக்குத் தீர்வாக எவராவது பெயின்ட் டப்பாவை நீட்டினால், எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

மூன்றாம் வழி: கருவிகள்

டீஹியூமிடிஃபையர், ஏர் பியூரிஃபையர், ஓசோன் இயந்திரம் மூன்றையும் ஒரே கூடையில் போட்டு விற்கிறார்கள். மூன்றும் வேறு வேறு.

டீஹியூமிடிஃபையர் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50-க்குள் இருந்தால் பூஞ்சைக்குப் பிடிமானம் குறையும். நீராவி படிவதுதான் பிரச்சினை என்றால் இது உண்மையான தீர்வு. குழாய்க் கசிவு என்றால், குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதுபோல. இதை வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன ஈரப்பதமானியை வாங்கி ஒரு வாரம் காலையும் இரவும் குறித்து வைக்கலாம். எண் 60-க்குக் கீழேயே இருந்தும் சுவர் நனைகிறதென்றால் தண்ணீர் பெரும்பாலும் காற்றிலிருந்து வரவில்லை.

ஹெபா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்; வித்துகள் அதைவிடப் பெரியவை என்பதால் மாட்டும். சுவரில் வளர்வதை அது தொடாது. பழுதுபார்க்கும் வேலை முடியும்வரை ஆஸ்துமா உள்ளவரின் அறையில் வைக்கத் தகுந்த கருவி. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓசோன் இயந்திரம் வேண்டவே வேண்டாம். மனிதர்கள் தாங்கக்கூடிய அளவு ஓசோன் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பூஞ்சையைக் கொல்லும் அளவு ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும்.

நான்காம் வழி: பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுப்பது

அறிவுபூர்வமாகத் தெரியும். பெரும்பாலும் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு வாடை வருகிறது என்றால் எந்த இனம் என்று தெரிந்து செய்யப்போவதும் அதே வேலைதான்: தண்ணீரை நிறுத்து, பூஞ்சையை அகற்று. காற்றில் வித்துகளின் எண்ணிக்கை மணிக்கு மணி மாறும். ஒரு ஜன்னலைத் திறந்தால் மாறும். ஒப்பிட்டுப் பார்க்கப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் வகுக்கப்படவில்லை. பூஞ்சை முளைக்கிறதா என்று அறையில் திறந்து வைத்துப் பார்க்கும் சோதனைத் தட்டுகள் இன்னும் மோசம். எந்த வீட்டில் வைத்தாலும் ஏதாவது முளைக்கும். முளைத்ததைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம்.

சோதனைக்கு அர்த்தம் உள்ள இடங்களும் உண்டு. வாடை வருகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் ஈரமானி கொண்டு சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவரை அழைக்கலாம். அது தண்ணீரைத் தேடும் சோதனை. வழக்கு என்று வந்தால் ஆவணம் தேவைப்படும். மற்றபடி, அந்தப் பணத்தை மருத்துவரிடம் செலவழிப்பது மேல். தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை, ரத்தச் சோதனை, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை ஆகியவை நம்பத்தக்கவை. சிறுநீரில் பூஞ்சை நச்சைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் சோதனைகள் நோயறிய ஏற்றவை என்று நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2015-இல் இது பற்றி எச்சரித்தது.

ஐந்தாம் வழி: தண்ணீரைத் தேடிப் போவது

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

சுவரை நனைக்கும் தண்ணீர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. குழாயிலிருந்தோ கூரையிலிருந்தோ வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ கசிவது ஒன்று. தரையிலிருந்து சுவர் உறிஞ்சி ஏறும் ஓதம் இன்னொன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் வியர்ப்பது மூன்றாவது. இவற்றைப் பிரித்தறியாமல் யாரை அழைத்தாலும், வருபவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிட்டுப் போவார். பிளம்பர் குழாயை மாற்றுவார், பெயின்டர் பட்டி பார்ப்பார், கொத்தனார் பூச்சைக் கொத்துவார்.

கசிவு என்றால் கறை ஓரிடத்தில் இருக்கும். விளிம்பில் மஞ்சளோ பழுப்போ கோடு கட்டியிருக்கும். மழைக்குப் பிறகு பெரிதானால் வெளிச்சுவர், கூரை. மழையே இல்லாமல் பெரிதானால் குழாய். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். மூன்று நான்கு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாத வீட்டில் தொட்டியின் நீர்மட்டத்தில் குறி போட்டு இதையே செய்யலாம். ஆனால் கழிவுநீர்க் குழாய் கசிந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. குளித்த பிறகு சுவர் நனைகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தரை ஓதம் அடியிலிருந்து ஏறும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் நின்றுவிடும். நிற்கும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், பூச்சு பொடிப்பொடியாக உதிரும். இந்த உப்பைப் பூஞ்சை என்று நினைத்துப் பயப்படுபவர்கள் அதிகம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உப்பு கரையும், பூஞ்சை கரையாது. உப்பு விரலில் மணலாக நெருடும், பூஞ்சை மையாகப் பூசும்.

நீராவி படிவது மூலைகளில், பீரோவுக்குப் பின்னால், ஜன்னல் ஓரங்களில், குளியலறைக் கூரையில். காற்றோட்டம் இல்லாத, மற்ற இடங்களைவிடக் குளிர்ந்த பரப்புகள் இவை. கறையோ விளிம்போ இருக்காது, சிதறிய புள்ளிகள்தான் இருக்கும். குளிர் நாட்டு வீட்டில் வெளிச்சுவர் குளிர்ந்திருக்க, உள்ளே இருக்கும் வெப்பக் காற்று அதில் வியர்க்கும். புழுக்கமான இடங்களில் ஏசி அறையில் இது தலைகீழாக நடக்கும். 30 டிகிரி வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராக மாறும். ஏசியை 22-இல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினால் சுவரும் அலமாரியும் வியர்க்கத்தான் செய்யும். ஒரு தடவை துவைத்த துணிகளை வீட்டுக்குள் காயவைத்தால் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கும்போது மட்டும் போடாமல், குளித்து முடித்தும் 20 நிமிடம் ஓடவிடுவது, பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி வைப்பது, துணியை வெளியே உலர்த்துவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. நீராவிதான் காரணம் என்றால் பெரும்பாலும் இவையே போதும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய சோதனை உண்டு. கையகல அலுமினிய ஃபாயிலை அந்தச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. என் சுவரில் பின்பக்கம்தான் நனைந்திருந்தது. பெயின்டைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்திருக்கலாம்.

இந்த வழி பலன் தருகிறது என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று, அதே கிளீவ்லாந்திலிருந்து 2006-இல் வந்த ஆய்வு. பூஞ்சை உள்ள வீடுகளில் வாழ்ந்த, ஆஸ்துமா உள்ள 62 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் மருத்துவக் கவனிப்பு உண்டு. ஒரு குழுவின் வீடுகளில் மட்டும் கசிவை அடைத்து, பூஞ்சை பிடித்த பொருள்களை அகற்றினார்கள். அதன் பிறகு ஆஸ்துமா முற்றியவர்கள் சரிசெய்த வீடுகளில் 29 பேரில் ஒருவர். சரிசெய்யாத வீடுகளில் 33 பேரில் 11 பேர். சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, பிளம்பருக்குப் போன் செய்வதையும் மருத்துவ வேலையாகவே நான் எண்ணுகிறேன்.

யார் அகற்றுவது?

அகற்றும் பரப்பு 10 சதுர அடிக்கு, அதாவது மூன்றடிக்கு மூன்றடிக்குக் கொஞ்சம் மேல், உட்பட்டதாக இருந்தால் ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் தானே செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை, காற்றுத் துளை இல்லாத கண்ணாடி கட்டாயம். அறைக் கதவில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள். ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். விசிறி ஓடினால் வித்துகள் வீடு முழுக்கப் போகும். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டாமல் முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். உறிஞ்சும் பொருள் எதுவானாலும் துடைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் வெட்டி எடுத்து, பையில் கட்டி வெளியேற்றுங்கள். ஜிப்சம் போர்டின் காகித உறையே பூஞ்சைக்கு உணவு. வெளியே ஓர் உள்ளங்கை அளவு தெரிந்தால் பின்பக்கம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

அதைவிடப் பெரிய பரப்பு, சாக்கடை நீர் கலந்த வெள்ளம், ஏசியின் காற்றுக் குழாய்க்குள் பூஞ்சை என்றால் இந்த வேலையே தொழிலாகச் செய்பவர்களை அழைப்பதுதான் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மருந்துப் புகை போட்டுத் தருவதாகச் சொல்பவருக்கு வேலை கொடுக்க வேண்டாம்.

வீடு மாறுவது

இது கடைசி வழி என்று பொதுவாகச் சொல்வார்கள். சிலருக்கு இதுதான் முதல் வழி. கீமோதெரபி எடுப்பவரோ உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரோ வீட்டில் இருந்தால், பூஞ்சையை அகற்றும் நாட்களிலாவது அவர் வேறு இடத்தில் இருந்தே ஆக வேண்டும். அகற்றும்போதுதான் காற்றில் வித்துகள் மிக அதிகமாகப் பறக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் வராத குழந்தைக்கும் இதையே சொல்வேன். வேறு வீடு இல்லையென்றால் வேறு அறை. அதுவும் இல்லையென்றால் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றுவது. அதை இன்றைக்கே செய்யலாம்.

இருமல் வீட்டால்தானா என்று அறிய, மாறுவதற்கு முன் ஒரு வழி உண்டு. நான்கைந்து நாள் வெளியில் தங்கும்போது இருமல் குறைகிறதா, திரும்பி வந்த ஒன்றிரண்டு இரவுகளில் மீண்டும் தொடங்குகிறதா என்று தேதி போட்டு எழுதுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். எனக்கு அந்தத் தாள் எந்தச் சோதனை அறிக்கையைவிடவும் உதவியது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் கையில் இருப்பதில்லை. ஆவாப் இஷாக்கின் மரணத்துக்குப் பிறகு இங்கிலாந்தில், குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூகக் குடியிருப்புகளுக்கான சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. ஆபத்தான ஓதத்தையும் பூஞ்சையையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற, அவன் பெயராலேயே அழைக்கப்படும் விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் உரிமையாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். தேதியிட்ட புகைப்படம், எழுத்தில் முறையீடு, பிள்ளைக்கு மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவரின் கடிதம், மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் பெயின்டரை மட்டும் அனுப்பினால், முடிகிறவர்கள் கிளம்பிவிடுவது நல்லது. கிளம்பும்போது பூஞ்சை பிடித்த மெத்தையையும் அட்டைப்பெட்டிகளையும் புது வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். துவைக்க முடிந்த துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோகலாம்.

சரிசெய்த சுவர் காயும் காலம் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டட வேலை தெரிந்தவர்கள் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். குழாயை மாற்றிய அன்று ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். மாதம் ஒரு கோடு. இரண்டாவது கோடு முதல் கோட்டிலிருந்து நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது. ஐந்தாவது கோட்டுக்குத் தேவையிருக்கவில்லை. அதுவரை பெயின்ட் அடிக்கவில்லை. பூச்சு தெரிய நின்ற சுவரைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மகளின் கட்டில் இப்போது ஜன்னல் பக்கம் இருக்கிறது. பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது, பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்க்கும் அளவுக்கு.